வெயில்ல நிக்காததால வந்த நோய் இல்லைங்க இது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க பேப்பர்ல மருத்துவப் பக்கத்துல வைட்டமின் டி குறைபாடுதான் எண்டோமெட்ரியோசிஸ்ங்கிற பெண்களோட நோய்க்குக் காரணம்னு தலைப்பு போட்டு ஒரு கட்டுரை வந்துச்சு இல்லைங்களா, அதைப் பத்தித்தான் எழுதுறேன். அன்னிக்குக் காலைல எட்டு மணிக்குள்ள அதை மூணு பேர் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பிட்டாங்க, எங்க அத்தை, கூட வேலை பாத்த ஒரு அக்கா, அப்புறம் என் நாத்தனார். மூணு பேருமே என் மேல இருக்கிற அக்கறைலதான் அனுப்பினாங்க, அதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா அத்தை கீழ ஒரு வரி எழுதியிருந்தாங்க, "பாத்தியா, தினம் கொஞ்ச நேரம் வெயில்ல நின்னிருந்தா உனக்கு இவ்ளோ கஷ்டம் வந்திருக்காதாம்"னு. அதைப் படிச்சுட்டு ரொம்ப நேரம் அப்படியே உக்காந்திருந்தேன். கட்டுரைல அந்த வரி அப்படியே இல்ல, ஆனா படிச்சவங்களுக்கு அப்படித்தான் புரிஞ்சிருக்கு, தலைப்பும் அப்படித்தான் இருந்துச்சு. அதான் எழுதணும்னு தோணுச்சு, கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்கோங்க.

எனக்கு இப்ப 36 வயசு. 15 வயசுல இருந்து பீரியட்ஸ் வலி, 26 வயசுலதான் எண்டோமெட்ரியோசிஸ்னு கண்டுபிடிச்சாங்க. நடுவுல 11 வருஷம். அந்த 11 வருஷத்துல எத்தனை டாக்டரைப் பாத்தேன்னு எண்ணவே இல்ல, எல்லாரும் நல்லவங்கதான், ஆனா எல்லாரும் சொன்னது ஒண்ணுதான், பொண்ணுங்களுக்கு வலி இருக்கத்தான் செய்யும், கல்யாணம் ஆனா சரியாயிடும், குழந்தை பொறந்தா சரியாயிடும். என் அடிவயித்துல தொப்புளுக்குக் கீழ வலை பின்னின மாதிரி பழுப்புக் கலர்ல ஒரு தடம் இருக்கு. ஹாட் வாட்டர் பேக் வெச்சு வெச்சு வந்தது. மாசத்துல அஞ்சாறு நாள், ராத்திரி பூரா, துணிகூட சுத்தாம நேரா தோல் மேல வெப்பேன், ஏன்னா துணி சுத்தினா சூடு பத்தாது. தோல் பல வருஷம் அந்தச் சூட்டை வாங்கி வாங்கி நிறமே மாறிப்போச்சு. கடைசியாப் பாத்த டாக்டரம்மா வயித்தை அமுக்கிப் பாக்க சட்டையைத் தூக்கச் சொன்னாங்க, தடத்தைப் பாத்ததும் கையை எடுத்துட்டு, "எத்தனை வருஷமா வெக்கிறீங்க?"ன்னு கேட்டாங்க. நான் அழுதுட்டேன். வலி எங்க, எப்படி, எத்தனை நாள்னு அரை மணி நேரம் உக்காந்து கேட்டது அவங்கதான், அவங்க எழுதிக் கொடுத்த ஸ்கேன்லதான் இடது சினைப்பைல 5 சென்டிமீட்டருக்கு சாக்லேட் சிஸ்ட், அதாவது இந்த நோயால பழைய ரத்தம் தேங்கி வர்ற கட்டி, இருக்கிறது தெரிஞ்சுது.

இந்த நோய் என்னன்னு உங்க கட்டுரை ரெண்டே வரில முடிச்சுடுச்சு, அதனால நான் கொஞ்சம் சொல்லிடறேன். கர்ப்பப்பைக்கு உள்பக்கமா ஒரு சவ்வு இருக்கு, மாசாமாசம் வளந்து உதிர்றது அதுதான். அதே மாதிரியான திசு கர்ப்பப்பைக்கு வெளில, சினைப்பை மேல, குழாய் மேல, குடல் மேல, மூத்திரப்பை மேல, வயித்துக்குள்ள இருக்கிற சவ்வு மேல எல்லாம் ஒட்டி வளர்றதுதான் எண்டோமெட்ரியோசிஸ். அதுவும் ஹார்மோனுக்கு ஏத்த மாதிரி வீங்கும், ரத்தம் கசியும், சுத்தி இருக்கிற இடமெல்லாம் புண்ணாகி, தழும்பு விழுந்து, ஒரு உறுப்போட இன்னொரு உறுப்பு ஒட்டிக்கும். அதனால வலி பீரியட்ஸ் நாளோட நிக்காது, டாய்லெட் போனா வலி, தாம்பத்யத்துல வலி, இடுப்பு கால் எல்லாம் இழுக்கும், சிலருக்கு குழந்தை தங்கறதுலயும் சிக்கல். உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி குழந்தை பெத்துக்கிற வயசுல இருக்கிற பெண்கள்ல 10 சதவீதம் பேருக்கு, அதாவது உலகம் பூரா சுமார் 19 கோடி பேருக்கு இது இருக்கு. முழுசா குணப்படுத்துற மருந்து இன்னும் கிடையாது, வலியையும் வளர்ச்சியையும் கட்டுப்படுத்தலாம், அவ்ளோதான்.

இது ஏன் வருதுன்னு கேட்டா 1927-லயே ஜான் சாம்ப்சன்னு ஒரு அமெரிக்க டாக்டர் ஒரு விளக்கம் எழுதினார். பீரியட்ஸ் ரத்தத்துல கொஞ்சம் வெளில வராம சினைக்குழாய் வழியா பின்னாடி போய் வயித்துக்குள்ள விழுது, அதுல இருக்கிற செல்லுங்க அங்கயே ஒட்டி வளருதுன்னு. கேட்டா சரியாத்தான் இருக்கு. ஆனா பின்னாடி பாத்தா இப்படி ரத்தம் உள்ள போறது கிட்டத்தட்ட எல்லாப் பொண்ணுங்களுக்குமே நடக்குது, பத்துல ஒன்பது பேர் அளவுக்கு. அப்ப ஒருத்திக்கு மட்டும் ஏன் ஒட்டி வளருது, மத்த எட்டு பேருக்கு ஏன் உடம்பு அதைச் சுத்தம் பண்ணிடுது? இந்தக் கேள்விக்கு பதில் தேடும்போதுதான் நோய் எதிர்ப்பு சக்தி பக்கம் எல்லாரும் திரும்பினாங்க, வைட்டமின் டி உள்ள வந்ததும் அந்த வழியாத்தான். அதனால இதை ஆராய்ச்சி பண்றவங்க சும்மா எதையோ கிளப்பி விடறாங்கன்னு நான் சொல்லவே மாட்டேன், அவங்க பிடிச்சிருக்கிற நூல் நல்ல நூல்தான்.

வைட்டமின்னு பேரு வெச்சுட்டாங்களே தவிர அது வேலை செய்யறது ஹார்மோன் மாதிரி. வெயில்ல இருக்கிற ஒரு வகை புற ஊதாக் கதிர் தோல்ல பட்டதும் அங்க இருக்கிற கொழுப்புச் சத்துல இருந்து அது உருவாகுது, அப்புறம் கல்லீரல்ல ஒரு மாத்தம், கிட்னில இன்னொரு மாத்தம், அதுக்கு அப்புறம்தான் வேலைக்கு ரெடி. அதை வாங்கிக்கிற ரிசப்டர் எலும்புல மட்டும் இல்ல, நோய் எதிர்ப்பு செல்கள்ல இருக்கு, சினைப்பைல இருக்கு, கர்ப்பப்பை உள்சவ்வுலயும் இருக்கு. கிட்னி பண்ற அந்தக் கடைசி மாத்தத்தை இந்த உள்சவ்வு தானாவே பண்ணிக்கிற சக்தியும் வெச்சிருக்கு. பீரியட்ஸ் வலிக்கு முக்கியக் காரணமான ப்ராஸ்டாகிளாண்டின் உருவாகறதையும் வைட்டமின் டி குறைக்குதுன்னு லேப்ல பாத்திருக்காங்க. எலிக்கு எண்டோமெட்ரியோசிஸ் உண்டாக்கி, வைட்டமின் டி வகை மருந்து கொடுத்துப் பாத்ததுல அந்தக் கட்டிங்க சுருங்கி இருக்கு. இதெல்லாம் படிக்கும்போது எனக்கே நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கிச்சு, ஒருவேளை இதுதானோன்னு. ஒரு வருஷம் பூரா இதைப் பத்திக் கிடைச்சதை எல்லாம் படிச்சேன்.

எலில நடந்தது நமக்கும் நடக்குமான்னு பாக்கத்தான் மனுஷங்ககிட்ட ஆராய்ச்சி பண்றாங்க, உங்க கட்டுரை தொடாம விட்டது இந்த இடத்தைத்தான். ஒரே ஒரு ஆராய்ச்சியைச் சொல்லி, வைட்டமின் டி அதிகமா இருக்கிற பெண்களுக்கு இந்த நோய் 24 சதவீதம் கம்மின்னு போட்டிருந்தீங்க. அந்த ஆராய்ச்சி உண்மையானது, பெரிசு. அமெரிக்கால நர்ஸா வேலை பாத்த 70,000-க்கும் மேல பெண்களை 14 வருஷம் கவனிச்சு 2013-ல வெளியிட்டாங்க, 1,385 பேருக்கு நோய் வந்துச்சு. ஆனா அதுல எல்லாரோட ரத்தத்தையும் எடுத்து அளக்கல. அவங்க எங்க இருக்காங்க, எவ்ளோ நேரம் நடமாடறாங்க, என்ன சாப்பிடறாங்க, எடை என்னங்கிறதை எல்லாம் வெச்சு இவங்களுக்கு இவ்ளோ இருக்கும்னு கணக்குப் போட்டு எடுத்த அளவு அது. அந்த 24 சதவீதம் வந்தது அதிக அளவுல இருந்த ஐந்துல ஒரு பங்கு பேரையும் ரொம்பக் கம்மியா இருந்த ஐந்துல ஒரு பங்கு பேரையும் ஒப்பிட்டதுல. ரெண்டும் சேந்து இருக்குன்னுதான் அது சொல்லுது, ஒண்ணாலதான் இன்னொண்ணு வந்துச்சுன்னு சொல்லல, எழுதினவங்களும் அப்படி எழுதல.

இதுக்கு நேர் எதிரா 2007-ல இத்தாலில ஒரு ஆராய்ச்சி வந்திருக்குங்க. அதுல எண்டோமெட்ரியோசிஸ் இருக்கிற பெண்களுக்குத்தான் ரத்தத்துல வைட்டமின் டி அதிகமா இருந்துச்சு. ஆமா, அதிகமா. ஒரு பக்கம் மட்டும் வெட்டி எடுத்துப் போட்டா படிக்கிறவங்களுக்கு இது எப்படித் தெரியும்?

இன்னொண்ணு சொல்றேன், இது எந்த ஆராய்ச்சியும் இல்லாமலே எனக்குத் தெரியும், இந்த நோய் இருக்கிற யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. வலி வந்தா நாங்க வெளில போறதில்லைங்க. மாசத்துல ஏழெட்டு நாள் என் ரூம்ல ஸ்க்ரீன் இழுத்து விட்டிருக்கும், வெளிச்சம் பட்டாலே தலை வலிக்கும், கட்டில்ல ஒருக்களிச்சு முழங்காலை நெஞ்சோட சேத்துப் படுத்திருப்பேன். வலி இல்லாத நாள்லயும் எங்கயாவது போய் அங்க வந்துடுமோங்கிற பயத்துலயே போகமாட்டேன், விளையாட்டை விட்டேன், நடக்கறதை விட்டேன், சாப்பாடு கம்மியாச்சு. அப்படிப் பத்து வருஷம் இருந்தா வைட்டமின் டி எங்க இருந்து வரும்? நீங்க வெயில்ல போகாததால நோய் வந்துச்சுங்கறீங்க, நோய் வந்ததால வெயில்ல போகலங்கறேன் நான். இந்த ரெண்டுல எது முன்னாடி எது பின்னாடின்னு ஒரு தடவை ரத்தம் எடுத்துப் பாத்து யாராலயும் சொல்ல முடியாது.

அதைச் சொல்லணும்னா மருந்தைக் கொடுத்துத்தான் பாக்கணும், பாதிப் பேருக்கு நிஜ மாத்திரை, பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை, எது யாருக்குன்னு யாருக்கும் தெரியாம. அப்படியும் பண்ணியிருக்காங்க. 2012-ல இத்தாலில சாதாரண பீரியட்ஸ் வலி இருக்கிற 40 பெண்கள்ல பாதிப் பேருக்கு ஒரே தடவைல 3 லட்சம் யூனிட் கொடுத்துப் பாத்தாங்க, ரெண்டு மாசத்துல அவங்களுக்கு வலி 41 சதவீதம் குறைஞ்சுது. அதைப் படிச்சா யாருக்கும் ஆசை வரும், ஆனா அந்த 40 பேரும் வேற நோய் எதுவும் இல்லாம வலி மட்டும் இருக்கிறவங்க, எங்களை மாதிரி உள்ள கட்டி வளர்றவங்க இல்ல. 2016-ல ஈரான்ல எண்டோமெட்ரியோசிஸ்னு ஆபரேஷன்ல உறுதியான 39 பேர்ல ஏறக்குறைய பாதிப் பேருக்கு வாரம் 50,000 யூனிட்னு 12 வாரம் கொடுத்தாங்க, வெறும் மாத்திரை சாப்பிட்டவங்களுக்கும் இவங்களுக்கும் வலில சொல்லிக்கிற மாதிரி வித்தியாசம் இல்ல. 2021-ல அங்கயே இன்னொரு 60 பேர்கிட்ட ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை கொடுத்ததுல இடுப்புப் பகுதி வலி குறைஞ்சிருக்கு. ஒண்ணு ஆமாங்குது, ஒண்ணு இல்லங்குது, எல்லாமே சின்னச் சின்ன எண்ணிக்கை.

எனக்கு ரொம்ப மனசுல நிக்கிறது 2020-ல அமெரிக்கால வெளிவந்த ஒண்ணு, ஏன்னா அது சின்னப் பொண்ணுங்க. 12 வயசுல இருந்து 25 வயசு வரைக்கும், எண்டோமெட்ரியோசிஸ் இருக்கிற 69 பேர். சில பேருக்கு தினம் 2,000 யூனிட் வைட்டமின் டி, சில பேருக்கு மீன் எண்ணெய், மீதிப் பேருக்கு வெறும் மாத்திரை, ஆறு மாசம். வைட்டமின் டி சாப்பிட்ட பொண்ணுங்களோட மோசமான வலி பத்துக்கு 7-ல இருந்து 5.5-க்கு இறங்குச்சு. இதை மட்டும் சொன்னா நாளைக்கே பேப்பர்ல தலைப்பு வந்துடும். ஆனா வெறும் மாத்திரை சாப்பிட்ட பொண்ணுங்களுக்கும் 6-ல இருந்து 4.4-க்கு இறங்குச்சு. கிட்டத்தட்ட ஒரே அளவு. நான் இதைப் பத்தி நிறைய யோசிச்சிருக்கேன். வெறும் மாத்திரைல எப்படிக் குறைஞ்சுதுன்னா, வலி தானாவே ஒரு மாசம் கூடும் ஒரு மாசம் குறையும், ரொம்பக் கூடியிருக்கிற நேரத்துலதான் ஆளுங்க ஆராய்ச்சில சேருவாங்க, அதுவும் இருக்கும். ஆனா ஆறு மாசம் யாரோ ஒருத்தர் அந்தப் பொண்ணுங்களைக் கூப்பிட்டு இந்த மாசம் வலி எவ்ளோன்னு கேட்டு எழுதிக்கிட்டாங்களே, அதுக்கும் ஒரு பங்கு இருந்திருக்கும்னு நான் நம்பறேன். எனக்கு 15 வயசுல அப்படி ஒருத்தர் கேட்டிருந்தா எவ்ளோ நல்லா இருந்திருக்கும்.

என் கதையும் சொல்லிடறேன், ஆனா ஒருத்தியோட அனுபவம் ஆராய்ச்சி ஆகாதுங்கிறதையும் சேத்தே சொல்லிடறேன். எனக்கு 25 வயசுல ஒரு டாக்டர் வைட்டமின் டி டெஸ்ட் எடுத்தாங்க, 14 வந்துச்சு, கம்மிதான், ரிப்போர்ட்ல அந்த 14-ஐ தடிச்ச எழுத்துல போட்டு பக்கத்துல ஸ்டார் போட்டிருந்தாங்க. அதைப் பாத்ததும் வீட்ல எல்லாருக்கும் ஒரு நிம்மதி, எனக்கும்தான், அப்பாடா காரணம் கிடைச்சுடுச்சுன்னு. வாரம் ஒரு பெரிய டோஸ், ரெண்டு மாசம், தவறாம சாப்பிட்டேன். திரும்ப டெஸ்ட் எடுத்தா 38. உடம்பு அசதி கொஞ்சம் குறைஞ்சுது, படி ஏறினா முன்ன மாதிரி தொடை நோகல, அது நிஜம். ஆனா பீரியட்ஸ் வலி அப்படியேதான் இருந்துச்சு, ஒரு இம்மி குறையல. நான் போய் இன்னும் வலிக்குதுன்னு சொன்னா, "லெவல் எல்லாம் நார்மல் ஆயிடுச்சே, இன்னும் என்ன?"ன்னாங்க. அதுக்கு அப்புறம் நான் வலியைப் பத்தி வாயே திறக்கல, ஒரு வருஷம் அப்படியே போச்சு. அந்த ஒரு வருஷத்துலதான் சிஸ்ட் வளந்துச்சான்னு எனக்குத் தெரியாது, ஆனா ஒரு காரணம் கிடைச்சுட்டதால நிஜக் காரணத்தைத் தேடறதை எல்லாரும் நிறுத்திட்டாங்க, நானும் நிறுத்திட்டேன், அது மட்டும் தெரியும்.

இப்ப ஏன் இவ்ளோ ஆத்தாமையா எழுதறேன்னா, எங்க அக்கா பொண்ணுக்கு 16 வயசு. மாசம் மூணு நாள் ஸ்கூலுக்குப் போறதில்ல, வாந்தி எடுப்பா, ஒரு தடவை பாத்ரூம்லயே மயங்கி விழுந்துட்டா. போன மாசம் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனாங்க, ரத்த டெஸ்ட்ல வைட்டமின் டி 17. மாத்திரை எழுதிக் கொடுத்தாங்க, அது சரிதான், குறைவா இருந்தா கொடுக்கத்தான் வேணும். ஆனா அக்கா போன்ல சொன்ன விதம்தான் என்னைத் தூக்கிவாரிப் போட்டுச்சு, "ஒண்ணும் இல்லடி, வெறும் வைட்டமின் டி கம்மியாம், நானும் பயந்தே போயிட்டேன்"னா. அடுத்த வாரமே உங்க கட்டுரையும் வந்துடுச்சு, அக்காவுக்கு இன்னும் உறுதி ஆயிடுச்சு. நான் நேர்ல போனேன். அக்கா பொண்ணுகிட்ட தனியா உக்காந்து, எங்க வலிக்குது காட்டுன்னு கேட்டேன், கொஞ்சம் கூச்சப்பட்டுட்டு டீ-ஷர்ட்டை லேசாத் தூக்கினா. தொப்புளுக்குக் கீழ வலை மாதிரி லேசா பழுப்புத் தடம் விழ ஆரம்பிச்சிருக்கு. என்னோடது மாதிரியே. "சித்தி, அம்மாகிட்ட சொல்லாதீங்க, திட்டுவாங்க"ன்னா.

அம்மாவுக்கோ கூடப் பொறந்தவங்களுக்கோ இந்த நோய் இருந்தா வர்ற வாய்ப்பு கூடுதல்னு ரொம்ப நாளாவே தெரியும். 2023-ல 60,000-க்கும் மேல நோயாளிங்களோட மரபணுவை எடுத்துப் பாத்து, இந்த நோயோட சம்பந்தப்பட்ட 42 இடங்களைக் கண்டுபிடிச்சாங்க. ரெட்டைப் பொறப்புங்களை வெச்சுப் பண்ண ஆராய்ச்சில, வர்ற வாய்ப்புல ஏறக்குறைய பாதி பரம்பரையால தீர்மானம் ஆகுதுன்னு கணக்குப் பண்ணியிருக்காங்க. பரம்பரை, ஹார்மோன், எதிர்ப்பு சக்தி எல்லாம் பின்னிக் கிடக்கிற இடத்துல வைட்டமின் டி ஒரு இழையா இருக்கலாம். அதுதான் மொத்தத் துணியும்னு சொன்னா எப்படிங்க?

உங்க கட்டுரைல இன்னும் ரெண்டு விஷயம் விட்டுப் போச்சு, நாலு பேருக்கு உபயோகமா இருக்கும்னு சொல்றேன். ரிப்போர்ட்ல வர்ற நம்பரை மட்டும் பாக்காதீங்க, பக்கத்துல அளவு என்ன போட்டிருக்குன்னு பாருங்க. நானோகிராம்னு போட்டு 20 வந்தா, அதையே நானோமோல்னு போடற லேப்ல 50 வரும், ரெண்டரை மடங்கு. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தங்க 45-ஐப் பாத்துட்டு நல்லா இருக்குன்னு மாத்திரையை நிறுத்திட்டாங்க, பாத்தா அது நானோமோல், நானோகிராம்ல 18-தான். எவ்ளோ இருந்தா போதும்ங்கிறதுலயே டாக்டர்களுக்குள்ள ஒத்த கருத்து இல்ல, 2011-ல அமெரிக்கால ஒரு நிபுணர் குழு நானோகிராம் கணக்குல 20 போதும்னாங்க, அதே வருஷம் அங்க ஹார்மோன் டாக்டர்கள் சங்கம் 30 வேணும்னாங்க, 2024-ல அந்தச் சங்கமே 30-ங்கிற கணக்கைக் கைவிட்டுட்டாங்க.

அதிகமா சாப்பிட்டா ஒண்ணும் ஆகாதுங்கிறதும் தப்பு. இது தண்ணில கரைஞ்சு வெளில போற வைட்டமின் இல்ல, கொழுப்புல தங்கும். 70 வயசு வரைக்கும் இருக்கிறவங்களுக்கு தினம் 600 யூனிட் தேவை, 4,000-ஐத் தாண்டி டாக்டர் சொல்லாம நாமளா சாப்பிடக் கூடாதுங்கிறதுதான் 20 போதும்னு சொன்ன அந்த நிபுணர் குழு போட்ட எல்லை. ரொம்பக் கூடினா ரத்தத்துல கால்சியம் ஏறி வாந்தி, தாகம், அடிக்கடி மூத்திரம், கிட்னில கல்லுன்னு போகும். 2010-ல ஆஸ்திரேலியால 70 வயசைத் தாண்டின 2,256 பெண்கள்ல பாதிப் பேருக்கு எலும்பு நல்லா இருக்கட்டும்னு வருஷத்துக்கு ஒரே தடவையா 5 லட்சம் யூனிட் கொடுத்துப் பாத்தாங்க, நல்லது நடக்கும்னு நினைச்சுத்தான் கொடுத்தாங்க, கடைசில மருந்து சாப்பிட்டவங்கதான் அதிகமா விழுந்தாங்க, எலும்பு முறிவும் அவங்களுக்குத்தான் அதிகம். அதனால மேல நான் எழுதின 3 லட்சத்தைப் பாத்துட்டு யாரும் தானா வாங்கிச் சாப்பிட்டுடாதீங்க, கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கறேன்.

வைட்டமின் டி எங்களுக்கு வேண்டாம்னு நான் சொல்லல, அப்படிப் புரிஞ்சுக்கிட்டா அது என் எழுத்தோட தப்பு. எங்கள்ல நிறையப் பேருக்கு அது கண்டிப்பா வேணும், ஆனா காரணம் வேற. இந்த நோய்க்கு ஹார்மோனை அடக்கற ஊசி ஒண்ணு போடுவாங்க, மெனோபாஸ் வந்த மாதிரி ஆக்கி பீரியட்ஸை நிறுத்தும், எனக்கு ஆபரேஷனுக்கு அப்புறம் ஆறு மாசம் போட்டாங்க. வலி குறையும், ஆனா எலும்போட கனமும் குறையும். அதைத் தாங்கறதுக்குத்தான் கூடவே கொஞ்சம் ஹார்மோன் மாத்திரையும், கால்சியமும் வைட்டமின் டியும் கொடுப்பாங்க. இப்பவும் நான் தினம் சாப்பிடறேன், என் எலும்புக்காக. நோய்க்குக் காரணம்னு இல்ல.

உங்ககிட்ட நான் கேக்கறது பெருசா ஒண்ணும் இல்லைங்க. அந்தக் கட்டுரையோட தலைப்புல காரணம்னு போட்டதுக்கு ஒரு சின்னத் திருத்தம் போடுங்க, தொடர்பு இருக்கலாம்னு ஆராயறாங்க, மாத்திரை கொடுத்துப் பாத்ததுல முடிவு முன்னுக்குப் பின் முரணா இருக்குன்னு. அடுத்த தடவை இதைப் பத்திப் போடும்போது, மாசாமாசம் ஸ்கூலோ வேலையோ போக முடியாத அளவுக்கு வலிச்சா, சாதாரண வலி மாத்திரைக்குக் கேக்கலன்னா, டாய்லெட் போகும்போது வலிச்சா, ஒரு கைனகாலஜிஸ்ட்கிட்ட எண்டோமெட்ரியோசிஸா இருக்குமான்னு பேர் சொல்லிக் கேளுங்கன்னு ஒரு பெட்டி கட்டிப் போடுங்க. ஸ்கேன்ல ஒண்ணும் தெரியலன்னா ஒண்ணும் இல்லன்னு அர்த்தம் இல்ல, மேலோட்டமாப் படர்ற வகை ஸ்கேன்ல பல நேரம் தெரியாதுங்கிறதையும் போடுங்க. முன்னாடி எல்லாம் வயித்துல ஓட்டை போட்டு கேமரா விட்டுப் பாத்தாத்தான் உறுதிங்கிறது இருந்துச்சு, 2022-ல ஐரோப்பிய டாக்டர்கள் கொடுத்த வழிகாட்டுதல்ல அறிகுறியையும் ஸ்கேனையும் வெச்சே மருந்து ஆரம்பிக்கலாம், எல்லாருக்கும் ஆபரேஷன் அவசியம் இல்லன்னு சொல்லியிருக்காங்க. ஆபரேஷனுக்குப் பயந்தே டாக்டர்கிட்ட போகாத பொண்ணுங்க இதைப் படிச்சா போவாங்க.

அத்தைக்கு நான் இன்னும் பதில் போடல. இந்த லெட்டர் உங்க பேப்பர்ல வந்தா அதையே போட்டோ எடுத்து அனுப்பிடலாம்னு இருக்கேன், நான் சொன்னா கேக்கமாட்டாங்க, பேப்பர்ல வந்தா கேப்பாங்க.

அக்காகிட்ட பேசிட்டேன். முதல்ல கோவப்பட்டா, அப்புறம் பொண்ணோட வயித்துல இருந்த தடத்தைப் பாத்துட்டு ஒண்ணுமே பேசல. வர்ற செவ்வாய்க்கிழமை மூணு பேருமா போறோம், எனக்கு ஸ்கேன் எழுதிக் கொடுத்த அந்த டாக்டரம்மாகிட்டயே. அக்கா பொண்ணை ஒரு நோட்டு போட்டு எழுதச் சொல்லியிருந்தேன், எந்த நாள், பத்துக்கு எத்தனை வலி, என்ன மாத்திரை, எதுக்குப் போக முடியலன்னு. நேத்து காட்டினா, முதல் பக்கத்துல மொத வரி, "வலி 9, ரெண்டு மாத்திரை, மேத்ஸ் டெஸ்ட் எழுதல". அதுக்குக் கீழ வைட்டமின் டி மாத்திரை சாப்பிட்ட தேதியையும் தனியாக் கோடு போட்டு எழுதி வெச்சிருக்கா.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகி
(பெயரை வெளியிட வேண்டாம்னு கேட்டுக்கறேன், அக்கா பொண்ணு படிக்கிற பொண்ணு)